பங்கு நிலமும் பகுதி வேறான பின்னங்களும்

நிலமுடைய குடும்பங்களில் பாகப்பிரிவினை நேருங்காலத்தும், ஒருவர் பங்கை மற்றொருவர் கிரயம் பெறுங்காலத்தும், வாய்க்கால் வெட்டும் வேலையை ஆயக்கட்டுதாரர்கள் தங்களுக்குள் பிரித்துக்கொள்ளுங்காலத்தும், பின்னங்களைக் கூட்டவும் கழிக்கவும் வேண்டியிருக்கிறது. மூன்றில் ஒன்று, நான்கில் ஒன்று, ஒன்பதில் இரண்டு என்று வாயினாற் சொல்லிவிடுதல் எளிது. அவற்றைச் சேர்த்து, இன்னாருக்கு இத்தனை சென்ட் என்று பத்திரத்தில் எழுதும்பொழுதே தவறு புகுகிறது. அத்தவறு அன்றைக்குக் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. பல ஆண்டுகள் கழித்து அளவுகாரர் சங்கிலி பிடிக்கும் நாளில் வரப்புத் தகராறாக அது வெளிப்படுகிறது. ஆதலால், பகுதி வேறான பின்னங்களைப் பிழையின்றிக் கூட்டவும் கழிக்கவும் ஏற்ற முறையை, மதுராந்தகம் பக்கத்து அளவுகளையே உதாரணமாகக் கொண்டு இங்கே விளக்குவோம்.

தொகுதியும் பகுதியும்

3/4 என்னும் பின்னத்தில் கீழே நிற்கும் 4 பகுதி எனப்படும். முழுப்பொருள் எத்தனை சமக் கூறாக வெட்டப்பட்டது என்பதை அது காட்டும். மேலே நிற்கும் 3 தொகுதி எனப்படும். அக்கூறுகளில் எத்தனை எடுக்கப்பட்டன என்பதை அது காட்டும். எனவே பகுதியானது கூறின் அளவையும், தொகுதியானது கூறுகளின் எண்ணிக்கையையும் குறிப்பனவாம்.

இதனை மனத்திற் கொண்டால், பகுதி வேறாயுள்ள பின்னங்களை ஏன் நேரே கூட்டலாகாது என்பது தானே விளங்கும். இரண்டு மரக்கால் நெல்லையும் மூன்று படி நெல்லையும் கூட்டி ஐந்து என்று சொன்னால், ஐந்து எது என்ற கேள்விக்கு விடை இல்லை. மரக்காலைப் படியாக மாற்றிய பின்னரே கூட்ட இயலும். பின்னமும் அவ்வாறே.

செங்கற்பட்டுச் சீமையின் பழைய காணியை எடுத்துக்கொள்வோம். ஒரு காணிக்கு 100 குழி. குழி ஒன்று 24 அடிச் சதுரம், அதாவது 576 சதுர அடி. ஆகவே காணி ஒன்று 57,600 சதுர அடி. ஏறக்குறைய 1 ஏக்கர் 32 சென்ட். அதே காணியை 2,400 சதுர அடி கொண்ட மனைகளாக எண்ணினால் 24 மனையாகும்.

ஒருவருக்கு ஒரு காணியில் 1/3 பங்கும், அதே காணியில் 1/4 பங்கும் உண்டு. மொத்தம் எவ்வளவு? தொகுதியோடு தொகுதியையும் பகுதியோடு பகுதியையும் கூட்டி 2/7 என்பார் சிலர். 24 மனையில் 1/3 என்பது 8 மனை. 1/4 என்பது 6 மனை. இரண்டும் சேர்ந்து 14 மனை. 2/7 என்றாலோ ஏழு மனைக்கும் குறைவு. முன்னரே அவர் கையிலிருந்த எட்டு மனையைவிட, மேலும் ஆறு மனை சேர்ந்தபின் உள்ள மொத்தம் குறைந்துபோகுமோ? ஆகவே அம்முறை தவறென்பது வெளிப்படை. சரியான விடை 14/24, சுருக்கினால் 7/12.

கூட்டும் விதி

மேற்படி கணக்கில் மனை என்னும் சிறு கூறு இரண்டு பங்குகளையும் மீதமின்றி அளந்தது. 24 என்னும் எண் 3-ஆலும் 4-ஆலும் சரியாக வகுபடுவதே அதற்குக் காரணம். இத்தகைய எண்ணைப் பொதுப் பகுதி என்பர். விதி வருமாறு:

முதலாவது, எல்லாப் பகுதிகளாலும் மீதமின்றி வகுபடும் எண் ஒன்றைத் தேடுக. மிகச் சிறியது கிடைத்தால் வேலை குறையும். அதைக் காண எளிய வழி, பகுதிகளில் பெரியதை எடுத்து, அதன் மடங்குகளை வரிசையாகச் சொல்லிக்கொண்டே போய், மற்றப் பகுதிகளும் வகுபடும் இடத்தில் நிற்பதாம்.

இரண்டாவது, ஒவ்வொரு பின்னத்தின் பகுதியையும் எந்த எண்ணாற் பெருக்கினால் பொதுப் பகுதி வருமோ, அதே எண்ணால் அதன் தொகுதியையும் பெருக்குக. இதனாற் பின்னத்தின் மதிப்பு மாறாது. கூறுகள் சிறுத்து, எண்ணிக்கை மிகும், அவ்வளவே.

மூன்றாவது, தொகுதிகளை மாத்திரம் கூட்டுக அல்லது கழிக்க. பகுதி அப்படியே நிற்கும்.

நான்காவது, விடையைச் சுருக்கக் கூடுமாயின் சுருக்குக.

கழித்தலுக்கு ஓர் உதாரணம்: 3/4 ஏக்கர் புன்செய் வைத்திருப்பவர் அதிலிருந்து 2/5 ஏக்கரை விற்றார். மீதி எவ்வளவு? 5-இன் மடங்குகள் 5, 10, 15, 20. இருபதில் 4-உம் வகுபடுகிறது. 3/4 என்பது 15/20. 2/5 என்பது 8/20. கழிக்க 7/20 ஏக்கர். சென்ட் கணக்கிற் சரிபார்த்தால், 75 சென்டில் 40 போக 35 சென்ட்; 100 சென்டில் 7/20 என்பதும் 35 சென்டே.

முன்னோர் கையாண்ட முந்திரிக் கணக்கு

இவ்விதி நம் நாட்டுக்குப் புதியதன்று. திண்ணைப் பள்ளிக்கூடங்களில் எண்சுவடி படித்த பிள்ளைகளும், 1980 வரை கிராமங்களில் இருந்த கர்ணங்களின் முன்னோரும் இதனைக் கைவசமாக வைத்திருந்தனர். அவர்கள் ஒன்றை 320 கூறாக்கி, ஒரு கூற்றுக்கு முந்திரி என்று பெயரிட்டனர். மற்றப் பின்னங்கள் அம்முந்திரியால் இவ்வாறு அளக்கப்பட்டன:

அரை – 160 முந்திரி
கால் – 80
அரைக்கால் – 40
மாகாணி அல்லது வீசம் – 20
மா – 16
முக்காணி – 12
அரைமா – 8
காணி – 4
அரைக்காணி – 2

இங்கே காணி என்பது ஒன்றில் எண்பதில் ஒரு பங்கைக் குறிக்கும் பின்னப் பெயர். மேலே சொல்லிய நூறு குழிக் காணி நில அளவு. இரண்டையும் ஒன்றாக எண்ணி மயங்கலாகாது.

மாகாணி என்னும் பெயரைச் சற்று உற்று நோக்குக. மா என்பது 1/20, காணி என்பது 1/80. இரண்டையும் கூட்ட 4/80 + 1/80 = 5/80, அதாவது 1/16. பகுதி வேறான இரண்டு பின்னங்களின் கூட்டுத்தொகையே ஒரு பெயராக அமைந்திருக்கிறது!

இக்கணக்கு நம் பக்கத்தில் எவ்வளவு முக்கியமாயிருந்தது என்பதற்கு, மதுராந்தகத்துக்கு வடமேற்கேயுள்ள உத்திரமேரூர்க் கல்வெட்டுகளே சான்று. முதற் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில், ஊர்ச்சபையின் வாரியங்களுக்கு ஆள் தெரிந்தெடுக்கும் முறை அங்கே கல்லில் வெட்டப்பட்டது. வாரியத்துக்கு உரியவராவதற்கு விதிக்கப்பட்டவற்றுள் ஒன்று, இறை செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் உடையவராயிருத்தல். வேதம் ஒன்றும் பாஷ்யம் ஒன்றும் வல்லவருக்கு அரைக்கால் வேலி போதுமென்று விலக்கும் அளிக்கப்பட்டது.

ஒருவருக்கு நிலம் ஒரே இடத்தில் இராது; நான்கு இடங்களில் துண்டு துண்டாயிருக்கும். நாமே ஓர் உதாரணம் அமைத்துப் பார்ப்போம். ஒருவருக்கு வேலியில் அரைக்கால், மா, அரைமா, முக்காணி என நான்கு துண்டுகள் உள்ளன. அவர் நிலம் காலுக்கு மேற்பட்டதா? வெறும் பார்வையாற் சொல்ல இயலாது. முந்திரியாக்கினால் 40 + 16 + 8 + 12 = 76. கால் என்பது 80. ஆகவே காலுக்கு நான்கு முந்திரி, அதாவது ஒரு காணிப் பின்னம், குறைகிறது. சபையில் அமரும் உரிமையே இக்கூட்டலைப் பொறுத்து நின்றது.

கூட்டிய விடையை மறுபடியும் பெயராக்குவதும் எளிது. அரைக்கால், இருமா, முக்காணி, அரைக்காணி ஆகிய நான்கையும் கூட்டினால் 40 + 32 + 12 + 2 = 86 முந்திரி. இதில் 80 கால். மீதி 6-இல் 4 காணி, 2 அரைக்காணி. எனவே விடை காலே காணி அரைக்காணி.

மூன்றில் ஒரு பங்கின் தொல்லை

முந்திரிக் கணக்கிலும் ஒரு குறை உண்டு. 320 என்பது 2, 4, 5, 8, 10, 16, 20 ஆகிய எண்களால் வகுபடும், 3-ஆல் வகுபடாது. மூன்று சகோதரர் பிரித்துக்கொண்டால் ஆளுக்கு 106 முந்திரி; இரண்டு முந்திரி மீதி. முன்னோர் முந்திரியையும் 320 கூறாக்கிக் கீழ்முந்திரி என்று வழங்கினர். தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசன் காலக் கல்வெட்டுகளில் நில அளவுகள் இத்தகைய கீழ்வாய்ப் பின்னங்கள் வரை சென்று குறிக்கப்பட்டுள்ளன. ஆயினும் இரண்டு முந்திரியை 640 கீழ்முந்திரியாக்கி மூவருக்குப் பிரித்தாலும், ஆளுக்கு 213 போக ஒன்று மிஞ்சும். 320-ஐ எத்தனை முறை தன்னால் பெருக்கினாலும் அது 3-ஆல் வகுபடாது. ஆகவே எவ்வளவு சிறிதாக வெட்டினாலும் இம்மீதி தீராது.

இன்று நாம் வழங்கும் சென்டிலும் இதே தொல்லை இருக்கிறது. ஒரு ஏக்கருக்கு 100 சென்ட். நூறும் 3-ஆல் வகுபடாது. மூவருக்கும் 33 சென்ட் என்று எழுதினால் 99 சென்ட்தான் பத்திரத்தில் ஏறும். மீதி ஒரு சென்ட், அதாவது 435.6 சதுர அடி, யாருடையதென்று எழுதப்படாமல் நிற்கும். நாணயத்திலும் இப்படியே. 1957 ஏப்ரலுக்கு முன் ஒரு ரூபாய் 16 அணா, அதாவது 192 தம்பிடி. அதில் மூன்றில் ஒன்று 64 தம்பிடி, சரியாக 5 அணா 4 தம்பிடி. நூறு காசாக மாறிய பின்னர், 33 காசு மூன்று சேர்ந்தும் ஒரு காசு குறைகிறது.

இதிலிருந்து அறியவேண்டுவது யாதெனின், முன்னரே வகுத்துவைத்த ஏதேனும் ஓர் அளவை எல்லாப் பங்குக்கும் பொதுப் பகுதியாகக் கொள்வது போதாது. அந்தந்தக் கணக்கிலுள்ள பகுதிகளைப் பார்த்தே பொதுப் பகுதியை அமைக்கவேண்டும்.

ஒரு பாகக் கணக்கு

இனி, கிராமங்களில் நிகழக்கூடிய ஒரு கணக்கை முழுமையாகச் செய்து காட்டுவோம். ஒருவர் தம் சுயார்ஜிதமான 1 ஏக்கர் 80 சென்ட் நஞ்செயை விட்டு, உயில் எழுதாமற் காலமானார். அவர் மனைவி முன்னரே இறந்துவிட்டார். புத்திரர் மூவர் மாத்திரம் உளர். மூவருக்கும் 1/3 வீதம் சேர்ந்தது. பின்னர் இடையவரும் உயிலின்றிக் காலமானார். அவருக்கு மனைவியும், மகன் இருவரும், மகள் ஒருத்தியும் உண்டு. 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி இந்நால்வருக்கும் சமபாகம். ஆளுக்கு 1/3-இல் 1/4, அதாவது 1/12. அதன்பின், மனைவியை இழந்திருந்த இளையவரும் அவ்வாறே காலமானார். அவருடைய மூன்று மக்களுக்கும் ஆளுக்கு 1/3-இல் 1/3, அதாவது 1/9.

இந்நிலையில் மூத்தவர், இடையவர் மகன் ஒருவரின் 1/12 பாகத்தையும், இளையவர் மகள் ஒருத்தியின் 1/9 பாகத்தையும் கிரயம் பெற்றார். இப்பொழுது மூத்தவருக்குரியது எவ்வளவு?

கூட்டவேண்டுவன 1/3, 1/12, 1/9. பெரிய பகுதி 12. அதன் மடங்குகள் 12, 24, 36. முப்பத்தாறே 3-ஆலும் 9-ஆலும் வகுபடுவது. ஆகவே பொதுப் பகுதி 36.

1/3 = 12/36
1/12 = 3/36
1/9 = 4/36
கூட்டுத்தொகை 19/36

மற்றவர்களுக்குரியது: இடையவர் குடும்பத்தில் எஞ்சிய மூவருக்கு ஆளுக்கு 3/36 வீதம் 9/36, இளையவர் மக்களில் எஞ்சிய இருவருக்கு ஆளுக்கு 4/36 வீதம் 8/36. எல்லாம் சேர்த்து 19 + 9 + 8 = 36. முழுமை ஒன்று வந்துவிட்டது, கணக்குச் சரி.

இனிச் சென்ட் ஆக்குவோம். 180 சென்டை 36 கூறாக்கினால் கூறு ஒன்றுக்கு 5 சென்ட். மூத்தவருக்கு 95 சென்ட். இடையவர் வழியினர் மூவருக்கு ஆளுக்கு 15 சென்ட். இளையவர் வழியினர் இருவருக்கு ஆளுக்கு 20 சென்ட். மொத்தம் 95 + 45 + 40 = 180.

இதையே சிலர் ஒவ்வொரு பின்னத்தையும் தனித்தனியே தசமமாக்கி, இரண்டு இலக்கத்தோடு நிறுத்திக் கூட்டுவர். 0.33 + 0.08 + 0.11 = 0.52. நூற்றுஎண்பது சென்டில் அது 93.6 சென்ட். மூத்தவருக்கு 1.4 சென்ட் நஷ்டம்; அதாவது ஏறக்குறைய 610 சதுர அடி, கால் மனைக்கு மேல். மற்ற ஐவருக்கும் இம்முறையிலேயே எழுதினால், மூவருக்கு 14.4 சென்ட் வீதமும், இருவருக்கு 19.8 சென்ட் வீதமும் வரும். எல்லாவற்றையும் கூட்ட 176.4 சென்ட். நிலத்திலோ 180 சென்ட் இருக்கிறது. எஞ்சிய 3.6 சென்ட் பத்திரத்தில் ஒருவருக்கும் உரியதாகாது. உழவின்போது வரப்பை யார் முன்தள்ளுகிறாரோ அவர் அனுபவத்தில் அது போய்ச் சேரும்; பின்னர் வழக்கும் தொடரும். ஒருவரும் வஞ்சகம் செய்யாமலே, கணக்கின் சோர்வினால் மாத்திரம் உண்டாகும் பகை இது. மாமல்லபுரத்துக் கடற்கரைப் பக்கம் போல நிலம் மனையாக விலைபோகும் இடங்களில் இந்நஷ்டம் சிறிதென்று தள்ளத்தக்கதன்று.

பட்டாவில் எழுதும்போது

1979-இல் தொடங்கிய நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்துக்குப் பின்னர், பட்டாவில் விஸ்தீரணம் ஹெக்டேர், ஏர் என்னும் அளவுகளிற் காட்டப்படுகிறது. ஏர் ஒன்று 100 சதுர மீட்டர். 100 ஏர் ஒரு ஹெக்டேர். மேற்படி 1 ஏக்கர் 80 சென்ட் ஏறக்குறைய 72.84 ஏர், அதாவது 7,284 சதுர மீட்டர். இதனை 36 கூறாக்கி, முழுச் சதுர மீட்டராக எழுதினால் மூத்தவருக்கு 3,844. மூவருக்கு 607 வீதம் 1,821. இருவருக்கு 809 வீதம் 1,618. கூட்ட 7,283. ஒரு சதுர மீட்டர் குறைகிறது. அளவு மாற்றத்தில் இவ்வளவு சொற்பமான மிச்சம் வருவது தவிர்க்கக் கூடாதது. ஆயினும் அதையும் விட்டுவிடாமல், இன்னார் பாகத்திற் சேர்க்கப்பட்டது என்று அனைவர் சம்மதத்தோடும் பத்திரத்தில் எழுதிவிடுவதே முறை.

பங்குதாரர்களும் கிராம நிர்வாக அலுவலர்களும் நினைவில் வைக்கவேண்டியவை மூன்று. பாகங்களைக் கடைசி வரையிற் பின்னமாகவே வைத்துக் கூட்டிக் கழித்து, சென்டாகவோ ஏராகவோ மாற்றுவதை இறுதியிற் செய்க. எல்லார் பாகத்தையும் கூட்டி, முழுமை ஒன்று வருகிறதா என்று பார்க்காமற் கையெழுத்திடாதிருக்க. பத்திரத்தில் விஸ்தீரணத்தோடு, 36-இல் 19 பாகம் என்பதுபோலப் பின்னத்தையும் எழுத்தால் எழுதிவைக்க. நாளை நிலத்தை மறு அளவு செய்து மொத்தம் சற்றே கூடினாலும் குறைந்தாலும், ஒவ்வொருவர் உரிமையும் அப்பின்னத்தைக் கொண்டு தெளிவாக நிற்கும். மேற்காட்டிய உதாரணம் கணக்கு முறையை விளக்குதற்பொருட்டே அமைக்கப்பட்டது. வாரிசுகள் இன்னார் என்பதைத் தக்க சட்ட ஆலோசனை பெற்று முதலில் நிச்சயித்துக்கொள்க.

பயிற்சிக் கணக்குகள்

1. ஒரு காணி நிலத்தில் 3/8 பங்கில் நெல்லும், 1/3 பங்கில் வேர்க்கடலையும் பயிரிடப்பட்டன. தரிசாக விடப்பட்டது எத்தனை மனை?

2. 600 அடி நீளமுள்ள வயற்கால்வாயைத் தூர் எடுக்கும் வேலையில் ஒருவருக்கு 1/4, ஒருவருக்கு 1/6, ஒருவருக்கு 3/10 பங்கு. நான்காமவருக்கு எஞ்சிய பங்கு எவ்வளவு? எத்தனை அடி?

3. ஒருவருக்கு ஒரு நிலத்தில் 5/6 பங்கு உண்டு. அந்நிலத்தின் 3/4 பங்கை அவர் விற்றுவிட்டார். கையிலிருப்பது எவ்வளவு?

4. நாலுமா, மாகாணி, அரைமா ஆகியவற்றைக் கூட்டிப் பழைய பெயரால் விடை கூறுக.

விடைகள்: (1) 9/24 + 8/24 = 17/24; மீதி 7/24, அதாவது 7 மனை. (2) 15/60 + 10/60 + 18/60 = 43/60; மீதி 17/60, அதாவது 170 அடி. (3) 10/12 – 9/12 = 1/12. (4) 64 + 20 + 8 = 92 முந்திரி; காலே முக்காணி.